குழந்தைக்கு இரும்புச்சத்து: கணக்கைப் பால் டம்ளரிலிருந்து தொடங்குவோம்

"பிள்ளை வெளுத்துக் கெடக்கே, ரத்தம் கொறவா இருக்குமோ?" என்று பாட்டி ஒரு வார்த்தை சொன்னால் போதும். மறுநாளே வீட்டுக்குப் பீட்ரூட்டும் மாதுளையும் பேரீச்சம்பழமும் வந்துவிடும். சிவப்பாக இருப்பதெல்லாம் ரத்தமாக மாறும் என்ற நம்பிக்கை நம்மிடம் அவ்வளவு ஊறிப்போயிருக்கிறது. அளந்து பார்த்தால் 100 கிராம் பீட்ரூட்டில் இரும்புச்சத்து ஒரு மில்லிகிராம்கூட இல்லை. மாதுளையில் அதைவிடக் குறைவு. பேரீச்சை கொஞ்சம் பரவாயில்லை, ஆனால் ஒன்றரை வயதுக் குழந்தை எத்தனை பேரீச்சம்பழம் தின்றுவிடும்? இவை எல்லாமே நல்ல பழங்கள், காய்கள்தான். தாராளமாகக் கொடுக்கலாம். இரும்புச்சத்துக் கணக்கை இவற்றின் தலையில் கட்டினால் மட்டும் கணக்கு உதைக்கும்.

ஒன்று முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைக்கு ஒரு நாளைக்கு 8 மில்லிகிராம் இரும்புச்சத்து உணவில் இருக்க வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் வெளியிட்ட பரிந்துரை. இதில் உடல் உறிஞ்சிக்கொள்வது வெறும் அரை மில்லிகிராமை ஒட்டிய அளவுதான். மீதி எல்லாம் வந்த வழியே வெளியே போய்விடும். எனவே தட்டில் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தால் மட்டும் போதாது. அதில் எவ்வளவு உடம்பில் ஒட்டுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். இந்த இரண்டாவது கேள்விக்குத்தான் பெரும்பாலான வீடுகளில் யாரும் கவனம் கொடுப்பதில்லை.

இந்த வயதில் ஏன் பற்றாக்குறை வருகிறது?

குழந்தை பிறக்கும்போதே கொஞ்சம் இரும்பைச் சேமித்து எடுத்துக்கொண்டுதான் வருகிறது. கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் தாயிடமிருந்து போய்ச் சேர்கிற சேமிப்பு அது. நிறைமாதக் குழந்தைக்கு அது ஏறத்தாழ ஆறு மாதம் வரை தாங்கும். குறைமாதத்தில் பிறந்தாலோ, எடை குறைவாகப் பிறந்தாலோ சேமிப்பும் குறைவாகத்தான் இருக்கும், சீக்கிரமே தீர்ந்துவிடும். பிரசவத்தில் தொப்புள்கொடியை உடனே இறுக்காமல் ஒரு நிமிடமாவது பொறுக்கச் சொல்வதற்கும் இதுதான் ஒரு காரணம். அந்த ஒரு நிமிடத்தில் குழந்தைக்குள் போகும் கூடுதல் ரத்தத்தோடு, பிற்பாடு தேவைப்படும் இரும்பும் போய்ச் சேர்கிறது.

தாய்ப்பாலில் இரும்பு மிகக் குறைவு. இருப்பது நன்றாக உறிஞ்சப்படும் என்பதால் முதல் ஆறு மாதங்களுக்கு அதுவே போதும். அதன்பிறகு உணவிலிருந்துதான் வந்தாக வேண்டும். இதே காலத்தில்தான் குழந்தை கிடுகிடுவென்று வளர்கிறது. பிறந்தபோது 3 கிலோ இருந்தது முதல் பிறந்தநாளுக்குள் 9 கிலோவை நெருங்குகிறது. உடம்பு பெருகப் பெருக ரத்தமும் பெருக வேண்டும், அதற்கு இரும்பு வேண்டும். வளர்கிற மூளைக்கும் இரும்பு வேண்டும்.

இங்கே ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. இரும்புச்சத்துக் குறைபாடும் ரத்தசோகையும் ஒன்றல்ல. குதிரில் நெல் தீர்ந்த அன்றே வீட்டில் உலை வைக்காமல் போவதில்லை, பானையில் இருக்கும் அரிசி சில நாள் ஓட்டும். அதுபோல முதலில் சேமிப்பு காலியாகும். ரத்தப் பரிசோதனையில் ஃபெரிட்டின் என்று பார்ப்பது இந்தச் சேமிப்பைத்தான். அதன்பிறகே ஹீமோகுளோபின் இறங்கி, ரத்தசோகை என்ற பெயர் வரும். ஹீமோகுளோபின் இன்னும் இறங்காத அந்த இடைக்காலத்திலேயே குழந்தைக்கு எரிச்சல், சோர்வு, பசியின்மை எல்லாம் வரலாம். ஆகவே ஹீமோகுளோபின் நன்றாக இருக்கிறது என்று நிம்மதியாகிவிட முடியாது.

எவ்வளவு பேருக்கு இது இருக்கிறது? தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு 2019–21-இன்படி, ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட இந்தியக் குழந்தைகளில் 67 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. தமிழ்நாட்டில் 57 சதவீதம். இது விரல்நுனியில் குத்தி எடுத்த ரத்தத்தை வைத்துச் சொன்னது. நரம்பிலிருந்து ரத்தம் எடுத்துச் செய்த 2016–18 தேசிய ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பில், ஒன்று முதல் நான்கு வயதுக்காரர்களிடம் ரத்தசோகை 41 சதவீதம், இரும்புச்சத்துக் குறைபாடு 32 சதவீதம் என்று வந்தது. எந்தக் கணக்கை எடுத்தாலும் நம் தெருவில் ஒரு வீடு விட்டு ஒரு வீட்டில் இருக்கக்கூடிய விஷயம் இது. ஏழை வீட்டுப் பிரச்சினை என்று ஒதுக்கிவிடவும் முடியாது.

பால்

வசதியான வீட்டிலும் இது வருவதற்கு முக்கியமான காரணம் பால். பாலைக் குறை சொன்னால் நம் வீடுகளில் சண்டைதான் வரும், ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஒன்றரை வயதுக் குழந்தை ஒன்றின் ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். காலையில் எழுந்ததும் ஒரு டம்ளர் பால், அதில் தோய்த்து இரண்டு பிஸ்கட். ஒன்பது மணிக்கு ஒன்றரை இட்லி, சர்க்கரை தொட்டு. பதினொரு மணிக்குக் கொஞ்சம் பால். மதியம் பருப்பு, நெய் போட்டுப் பிசைந்த சாதம் நாலைந்து வாய். சாயங்காலம் பால், பாதி வாழைப்பழம். ராத்திரி தயிர்சாதம் ரெண்டு வாய், "ஒண்ணுமே சாப்பிடலையே" என்ற கவலையில் தூங்கும்போது பாட்டிலில் இன்னொரு முறை பால். நன்றாகப் பார்த்துக்கொள்ளப்படுகிற குழந்தை, பசியில்லை. இரும்பை மட்டும் கூட்டிப் பாருங்கள். முக்கால் லிட்டர் பாலில் கால் மில்லிகிராம் அளவு. இட்லியில் அரையும் சொச்சமும். பருப்புச் சாதத்தில் அதே அளவு. பிஸ்கட், பழம், தயிர்சாதம் எல்லாம் சேர்த்து முக்கால். மொத்தம் இரண்டு மில்லிகிராமைச் சற்றுத்தான் தாண்டும். வேண்டியது எட்டு.

பாலில் இரும்பு இல்லை என்பது ஒரு பக்கம். அது வயிற்றை அடைத்துக்கொண்டு, இரும்புள்ள சாப்பாட்டுக்கு இடமில்லாமல் செய்துவிடுகிறது என்பது இன்னொரு பக்கம். போதாததற்கு, பாலில் உள்ள கால்சியமும் கேசின் என்ற புரதமும் கூடவே சாப்பிட்ட உணவிலுள்ள இரும்பை உறிஞ்சவிடாமல் தடுக்கின்றன. ஒரு வயது நிறையாத குழந்தைக்கு மாட்டுப்பால் குடிக்கக் கொடுத்தால், சிலருக்குக் கண்ணுக்குத் தெரியாத அளவில் குடலில் ரத்தக் கசிவும் ஏற்படும். அதனால்தான் முதல் பிறந்தநாளுக்கு முன்பு மாட்டுப்பாலைக் குடிக்கும் பாலாகக் கொடுக்க வேண்டாம் என்கிறார்கள். பிறகும் நாளொன்றுக்கு 500 மில்லிக்கு மேல் வேண்டாம். என்னைக் கேட்டால் 400 மில்லியோடு நிறுத்துவது இன்னும் நல்லது, தயிரும் வேறு உள்ளே போகிறதல்லவா.

குறைப்பது எப்படி? ராத்திரி பாட்டிலில்தான் தொடங்க வேண்டும். தூக்கக் கலக்கத்தில் குடிக்கிற 200 மில்லிதான் மறுநாள் காலைப் பசியைக் கொல்கிறது. பாட்டிலை எடுத்துவிட்டு டம்ளருக்கு மாற்றினாலே பாதி அளவு தானாகக் குறைந்துவிடும். நாலு நாள் அழும். அந்த நாலு நாள் வீட்டில் எல்லோரும் ஒரே முடிவில் நிற்க வேண்டும், அவ்வளவுதான். "சாப்பிடாட்டி போகுது, பாலையாவது குடிக்கட்டும்" என்று யாராவது ஒருவர் டம்ளரோடு வந்துவிட்டால் மறுபடி முதலிலிருந்து.

அசைவ வீட்டுக்கு ஒரு வசதி

இறைச்சி, ஈரல், மீன் ஆகியவற்றில் உள்ள இரும்பில் ஒரு பகுதி ஹீம் என்ற வடிவில் இருக்கிறது. இந்த வடிவம் 15 முதல் 35 சதவீதம் வரை உறிஞ்சப்படும், கூட என்ன சாப்பிட்டாலும் பெரிதாகப் பாதிக்கப்படாது. கீரை, பருப்பு, தானியங்களில் இருப்பது ஹீம் அல்லாத வடிவம். அது இரண்டு சதவீதத்திலிருந்து இருபது சதவீதம் வரை எப்படி வேண்டுமானாலும் போகும். எல்லாம் கூடச் சாப்பிடுவதைப் பொறுத்தது. இன்னொரு நல்ல விஷயம், கொஞ்சம் இறைச்சியோ மீனோ சேர்ந்தால் அதே தட்டில் உள்ள கீரையின் இரும்பும் கூடுதலாக உள்ளே போகும்.

ரத்தம் ஊறட்டும் என்று ஆட்டுச் சுவரொட்டியை வாங்கிச் சுட்டுக் கொடுக்கிற பழக்கம் நம் ஊர்களில் உண்டு. மண்ணீரலைத்தான் சுவரொட்டி என்கிறோம். அதில் இரும்பு உண்மையிலேயே மிக அதிகம், ஈரலைவிடவும். பாட்டிகள் பீட்ரூட்டில் கோட்டை விட்டாலும் இதில் சரியாகத்தான் இருந்திருக்கிறார்கள். குழந்தைக்குக் கொடுக்கும்போது உள்ளே சிவப்பு தெரியாதபடி நன்றாக வேகவைத்து, மேல்தோலை உரித்து, நசுக்கிச் சாதத்தில் பிசைந்துவிட வேண்டும். கோழி ஈரல் விலையும் மலிவு, மிருதுவாகவும் இருக்கும். ஒரு சின்ன துண்டு, அதாவது 20 கிராம், ஏறத்தாழ 2 மில்லிகிராம் தரும். வாரத்துக்கு ஒருமுறை போதும், தினமும் வேண்டாம். ஈரலில் வைட்டமின் ஏ அளவுக்கு மீறி இருப்பதால் அதிகமானால் கெடுதல்.

முட்டையைப் பற்றி ஒரு வரி: ஒரு முட்டையில் ஒரு மில்லிகிராமுக்குச் சற்றுக் குறைவாக இரும்பு இருக்கிறது, ஆனால் மஞ்சள் கருவிலுள்ள ஒரு புரதம் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். முட்டை நல்ல உணவு. இரும்புக்கு அதை மட்டும் நம்ப வேண்டாம்.

சைவத் தட்டில் புளிப்பு இருக்கட்டும்

சைவ வீட்டில் முடியாதா என்றால், முடியும். கொஞ்சம் யோசித்துச் சேர்க்க வேண்டும். ஹீம் அல்லாத இரும்பை உள்ளே கொண்டுபோக வைட்டமின் சி அதே வேளையில், அதே சாப்பாட்டோடு இருக்க வேண்டும். காலையில் கீரை, சாயங்காலம் ஆரஞ்சு என்றால் பலன் இல்லை. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் ஆராய்ச்சியாளர்கள் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், வளரிளம் பருவத்தினருக்கு அரிசிச் சாப்பாட்டோடு கொய்யாவும் கொடுத்துப் பார்த்தார்கள். இரும்பு உறிஞ்சப்படுவது இரண்டு மடங்குக்கும் மேல் கூடியது. சாப்பாட்டில் வேறெதையும் மாற்றவில்லை, கொய்யாவைச் சேர்த்தார்கள், அவ்வளவே. அதே எடை ஆரஞ்சைவிட நான்கு மடங்கு வைட்டமின் சி கொய்யாவில் உண்டு, விலையோ பாதிகூட இல்லை. விதையை நீக்கி, சதையை வழித்துக் கொடுத்தால் ஒரு வயதுக் குழந்தையும் சாப்பிடும். எலுமிச்சை, நெல்லிக்காய், தக்காளி, பப்பாளி எல்லாமே உதவும். எலுமிச்சையைக் கொதிக்கும்போது பிழியாமல், சூடு ஆறியபின் பிழிய வேண்டும். வைட்டமின் சி சூட்டில் அழிந்துவிடும்.

இரும்பைத் தடுக்கிறவற்றில் முதலில் வருவது தானியம், பயறுகளின் மேல்தோலில் உள்ள ஃபைட்டேட். ஊறவைத்தால், முளைகட்டினால், புளிக்கவைத்தால் இது குறையும். அந்த வகையில் புளித்த மாவில் சுட்ட இட்லியும் தோசையும் நமக்கு வாய்த்த வரம். முளைகட்டிய பாசிப்பயறும் அப்படியே.

கேழ்வரகைப் பற்றி இங்கே சொல்லாமல் விட முடியாது. கேழ்வரகுக் கூழ் என்றாலே இரும்பு என்று நினைக்கிறோம். 100 கிராமில் நாலரை மில்லிகிராம் இருப்பது உண்மைதான். ஆனால் கூடவே 350 மில்லிகிராமுக்கு மேல் கால்சியமும், டானின் என்ற துவர்ப்புப் பொருளும், ஃபைட்டேட்டும் இருக்கின்றன, மூன்றுமே இரும்பைத் தடுப்பவை. அதையும் பால் ஊற்றிக் காய்ச்சினால் எவ்வளவு ஒட்டும்? எலும்புக்குக் கேழ்வரகு நல்லது, கொடுங்கள், முளைகட்டி அரைத்ததாக இருந்தால் இன்னும் நல்லது. இரும்புக்கென்று பார்த்தால் கம்பு ஒரு படி மேல், 100 கிராமில் ஆறுக்கு மேல்.

முருங்கைக்கீரையும் விளம்பரத்தில் சொல்வதுபோல மாயம் அல்ல. பச்சைக் கீரையில் 100 கிராமுக்கு நாலரை மில்லிகிராம் அளவுதான். பெரிய எண்களைப் போடுகிறவர்கள் காயவைத்த பொடியின் கணக்கைச் சொல்கிறார்கள். குழந்தை சாப்பிடப் போவது ஒரு கைப்பிடிகூட இல்லை. அதனால் கீரையைத் தனியாகப் பொரியல் வைத்துப் போராடுவதைவிட, பருப்போடு சேர்த்து மசித்துச் சாதத்தில் கலந்துவிடுவதே வசதி. பருப்பிலும் தேர்வு இருக்கிறது. துவரம்பருப்பில் நாலு மில்லிகிராம் என்றால் மைசூர் பருப்பில் ஏழு. வாரத்தில் மூன்று நாள் மாற்றிப் பாருங்கள், அது வேகவும் சீக்கிரம் வெந்துவிடும்.

அப்புறம் டீ. சாயங்காலம் பெரியவர்கள் குடிக்கும்போது மடியில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கும் தட்டில் ஆற்றி இரண்டு மடக்கு, வர்க்கி தொட்டு ஒரு வாய். செல்லம்தான். ஆனால் டீயிலுள்ள டானின், கூடச் சாப்பிட்ட உணவின் இரும்பைப் பாதிக்கும் மேல் தடுத்துவிடும். இந்த வயதுக்கு டீயும் வேண்டாம், காபியும் வேண்டாம். இதில் எனக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை.

இனி முன்பு பார்த்த அதே குழந்தையின் நாளைத் திருப்பிப் போடுவோம். காலையில் 20 கிராம் கம்பு மாவில் கஞ்சி, பாலுக்குப் பதில் தண்ணீரில் காய்ச்சியது: 1.3 மில்லிகிராம். பத்தரைக்குப் பால். மதியம் மைசூர் பருப்பும் கொஞ்சம் முருங்கைக்கீரையும் மசித்த சாதம், மேலே நாலு சொட்டு எலுமிச்சை, முடிவில் கொய்யா இரண்டு துண்டு: 2.5. சாயங்காலம் தக்காளி போட்ட அவல் உப்புமா: 0.9. ராத்திரி இட்லியும் ஒரு முட்டையும்: 1.5. தூங்கப் போகும் முன், சாப்பாட்டுக்குக் கொஞ்சம் இடைவெளி விட்டு, இன்னொரு சின்ன டம்ளர் பால். ஆறைத் தாண்டிவிட்டது. ஈரல் வைத்த நாளில் எட்டையும் தொட்டுவிடும். விலை கூடிய பொருள் இதில் எதுவுமே இல்லை.

தினமும் இப்படியே நடக்காது என்பதும் தெரியும். இந்த வயதுக் குழந்தை இன்று விரும்பித் தின்றதை நாளை துப்பும். புது ருசியைப் பத்துப் பதினைந்து முறை கண்டபிறகுதான் சில குழந்தைகள் ஏற்கும். ஒரு நாளைப் பார்த்துக் கவலைப்படாமல் ஒரு வாரத்தைச் சேர்த்துப் பாருங்கள். முழு நிலக்கடலை, முழுக் கொண்டைக்கடலை போன்றவற்றை மட்டும் இந்த வயதில் தர வேண்டாம், புரையேறி மூச்சை அடைக்கும். மசித்தோ பொடித்தோ கொடுக்கலாம்.

சட்டியும் ரேஷன் அரிசியும்

இரும்புச் சட்டியில் சமைத்தால் கொஞ்சம் இரும்பு உணவில் இறங்கும், அதிலும் தக்காளி, புளி போட்ட குழம்பு என்றால் கூடுதலாக. எத்தியோப்பியாவில் அலுமினியப் பாத்திரத்தில் சமைத்த வீடுகளையும் இரும்புப் பாத்திரத்தில் சமைத்த வீடுகளையும் ஒப்பிட்ட ஆய்வு 1999-இல் வெளியானது. இரும்புப் பாத்திர வீட்டுக் குழந்தைகளுக்கு ஹீமோகுளோபின் கூடியிருந்தது. பரணில் பாட்டியின் இரும்புச் சட்டி இருந்தால் இறக்கிக்கொள்ளலாம். சமைத்ததை அதிலேயே விட்டுவைக்காமல் மாற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் கறுத்து, குழந்தை வாயில் வைக்காது.

ரேஷன் கடையில் செறிவூட்டப்பட்ட அரிசி கிடைத்தால், அதில் நூற்றுக்கு ஒன்று என்ற கணக்கில் இரும்பு சேர்த்த மணிகள் கலந்திருக்கும். நிறத்தில் சற்று மாறுபட்டு, கழுவும்போது சில மணிகள் மிதக்கும். பிளாஸ்டிக் அரிசி என்று பயந்து பொறுக்கி எறிகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். எறிவது இரும்புச்சத்தைத்தான்.

சொட்டு மருந்து, பூச்சி மருந்து, டாக்டர்

சாப்பாட்டால் தடுக்கலாம். ஏற்கெனவே ரத்தசோகை வந்துவிட்டால் சாப்பாட்டால் மட்டும் சரிசெய்ய முடியாது, மருந்து வேண்டும். கீழ் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தால் உள்பக்கம் வெளிறியிருப்பது, உள்ளங்கை வெளுப்பு, விளையாட்டில் சுணக்கம், காரணமில்லாத சிணுங்கல், மண், சுண்ணாம்பு, சாம்பல் தின்பது, அழும்போது மூச்சடக்கி நீலம்பாரிப்பது ஆகியவற்றில் எது இருந்தாலும் டாக்டரிடம் காட்டுங்கள். ரத்தசோகை எல்லாமே இரும்பால் வருவதும் அல்ல. பி12 குறைவாலும், தலசீமியா போன்ற பரம்பரை நோயாலும் வரும். தலசீமியாவில் இரும்பு கொடுப்பதே கெடுதலாகலாம். அதனால் நாமாகக் கடையில் டானிக் வாங்கி ஊற்றக் கூடாது.

அரசுத் திட்டத்தில் ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை வாரம் இருமுறை ஒரு மில்லி இரும்புச் சிரப் தருகிறார்கள். அந்த ஒரு மில்லியில் 20 மில்லிகிராம் இரும்பும் 100 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கும். அங்கன்வாடியிலோ கிராம சுகாதார செவிலியரிடமோ கேளுங்கள். பாலோடு சேர்த்துக் கொடுக்காதீர்கள். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டியதில்லை. ஒரு வயதிலிருந்து ஆறு மாதத்துக்கு ஒருமுறை பூச்சி மாத்திரையும் உண்டு. இரண்டு வயது வரை அல்பெண்டசோல் அரை மாத்திரை, அதன்பிறகு முழுசு, பொடித்துத் தண்ணீரில் கரைத்து. கொக்கிப்புழு குடலில் ரத்தத்தை உறிஞ்சிக்கொண்டிருந்தால் என்ன ஊட்டினாலும் தேறாது.

வீட்டில் இரண்டாவது கர்ப்பம் என்றால் அம்மாவின் இரும்பு மாத்திரைகளும் இருக்கும். சிவப்பாக, மிட்டாய் மாதிரியே இருக்கும் அவற்றை எட்டாத உயரத்தில், பூட்டி வையுங்கள். ஒரு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பு என்றால், பத்து மாத்திரை 10 கிலோ குழந்தையின் உயிருக்கே ஆபத்தான அளவு. அதில் பாதி உள்ளே போயிருந்தாலும் ஆபத்துதான். விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தால் வாந்தி வருகிறதா என்று காத்திருக்காமல், வாந்தி எடுக்க வைக்கவும் முயலாமல், மாத்திரை அட்டையைக் கையோடு எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.